பதினோரு பேருக்குப் பதினோரு விதம்

உக்காருங்க தம்பி. அட, அந்தச் சேரு வேண்டாம், ஒரு காலு ஆடும். இப்புடி பெஞ்சுக்கு வாங்க. உள்ள போனது உங்கம்மாங்களா? சரி சரி. முதல் நாளுன்னா ஒரு மணி நேரம் ஆகும். சொல்லிக் குடுக்கற புள்ள நிக்க வெச்சுப் பாக்கும், நடக்க வெச்சுப் பாக்கும், படுக்க வெச்சுப் பாக்கும். அப்பறம் எக்ஸ்ரேவ ஜன்னலுக்கு நேரா தூக்கிப் புடிச்சு "ஓ"ன்னு ஒரு சத்தம் குடுக்கும். நானும் நாலு மாசமா கேட்டுட்டு இருக்கறேன், அந்த "ஓ"வுக்கு என்ன அர்த்தம்னு இன்னும் சொல்லல.

எந்த ஊருங்க? கும்பகோணமா! பேங்க்ல மாத்தலாகி உடுமலைக்கு வந்தீங்களாக்கும். நல்லதுங்க. நான் சென்னியப்பன். பஸ் ஸ்டாண்டுல நின்னு சென்னியப்பன் மாஸ்டருன்னு கேட்டீங்கன்னா நாலு பேரு வழி காட்டுவானுக, அஞ்சாவது ஆளு ஓடிருவான். முப்பத்திநாலு வருசம் பீட்டி மாஸ்டருங்க. சுதந்திர தினத்துக்கு மாஸ் டிரில் பண்ணுவனுங்க. ஐநூறு பசங்க, ஒரு விசிலு. ஐநூறு கையும் ஒன்னா மேல போகும், ஒன்னா கீழ வரும். எவனாவது ஒருத்தன் தோளு ஒரு இஞ்சு எறங்கியிருந்தாலும் கொடிக்கம்பத்துகிட்ட நின்னுட்டே கண்டுபுடிச்சிருவேன். அப்புடிப்பட்ட கண்ணுங்க இது.

அந்தக் கண்ண வெச்சுக்கிட்டுத்தான் இப்ப வராண்டாவுல உக்காந்து செருப்புக்குக் காவல் இருக்கறேன். உள்ள விடமாட்டாங்க. ஆமாங்க, என்னை உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு. இங்க சொல்லிக் குடுக்கற அந்த நாகர்கோயில் புள்ள ஜெசிந்தா போட்ட உத்தரவா இருந்தாக்கூட சின்னப் புள்ள போனாப் போகுதுன்னு விட்டிருவேன். போட்டது என்ற சம்சாரமுங்க.

உங்கம்மாவச் சேத்தறதுக்கு முன்னால நீங்களும் தெரிஞ்சுக்கிட்டா நல்லது. எனக்கு யாரையும் கெடுக்கோணும்னு இல்ல. நடந்தத சொல்றேன், நீங்க படிச்சவரு, முடிவு பண்ணிக்கங்க.

என்ற சம்சாரம் மயிலாத்தாள். அவளுக்கு முதுகெலும்பு வளைஞ்சிருச்சு. முன்னால பின்னால இல்லீங்க, பக்கவாட்டுல. வயசானதுல எலும்புக்கு நடுவுல இருக்கற தட்டெல்லாம் ஒரு பக்கமா தேஞ்சு போயி, இடுப்புகிட்ட ஒரு பக்கம் போயி, மேல வந்து இன்னொரு பக்கம் திரும்பியிருக்குது. கோயமுத்தூர்ல பெரிய டாக்டரு எக்ஸ்ரேவக் காட்டுனாரு. வால்பாறை மலை ரோடு மாதிரி இருந்துச்சு. ஆப்பரேசன் இந்த வயசுல வேண்டாம், சுத்தி இருக்கற சதையப் பலப்படுத்துனாப் போதும்னாரு. நான் உடனே, "பலப்படுத்தறதுதானுங்க டாக்டர் என்ற வேலையே"ன்னேன். அவரு என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, பிலாட்டீஸ்னு ஒரு பயிற்சி இருக்குது, அதை வயசானவங்களுக்குத் தோதா மாத்திச் சொல்லிக் குடுக்கற பொண்ணு உங்க ஊர்லயே இருக்குது, அங்க போங்கன்னு எழுதிக் குடுத்துட்டாரு. முப்பத்திநாலு வருச சர்வீஸு, ஒரு துண்டுச் சீட்டுல போச்சு.

அவளுக்கு என்ன அவ்வளவு அவசரம்னு கேப்பீங்க. எங்க பக்கம் கல்யாணத்துல, ஐயரு மந்திரம் சொல்றது ஒரு பக்கம்னா, சீரு செய்யறது ஒரு பக்கமுங்க. சீருன்னா தட்டு வரிசை இல்லீங்க, சடங்கு, அதையெல்லாம் அருமைக்காரங்கன்னு ஊரு ஒத்துக்கிட்ட மூத்த ஜோடிதான் செய்யோணும். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நின்னு செய்யோணும். நாங்க ரெண்டு பேரும் இருவது வருசமா செய்யறோம். ரெண்டு மணி நேரம், சில கல்யாணத்துல மூனு மணி நேரம் நிக்கோணும். மயிலாத்தாளுக்கு அது உசுரு. அவ சீரு செஞ்ச பொண்ணுக எல்லாம் புள்ளகுட்டியோட நல்லா இருக்கறாங்கன்னு எண்ணிச் சொல்லுவா.

போன வருசம் என்னாச்சு, பத்து நிமிசம் நின்னா காலு மரத்துப் போகுது. ரெண்டு கல்யாணத்துல நடுவுல உக்காந்துட்டா. மூனாவது கல்யாணத்துக்கு எங்களக் கூப்பிட்டாங்க, ஆனா சீருக்குக் கூப்பிடல. பெதப்பம்பட்டியில இருந்து வேற ஜோடியக் கூட்டியாந்து மேடையில ஏத்திட்டாங்க. நாங்க கீழ சேருல உக்காந்து பாத்தோம். அவ பந்தியில எலைக்கு முன்னால உக்காந்து, ஒரு வாயி தின்னுட்டு எலைய மூடிட்டா.

இந்த வைகாசியில என்ற மச்சினன் பேத்தி கல்யாணம். அந்தப் புள்ள வந்து, "அத்தப்பாட்டி, நீங்க செய்யலீன்னா எனக்குச் சீரே வேண்டாம்"னு சொல்லிருச்சு. இவளும் சரின்னுட்டா. அதுக்காகத்தான் தை மாசம் இங்க வந்து சேந்தது.

உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன் கேளுங்க. உடற்பயிற்சின்னா என்னங்க? வேர்க்கோணும், மூச்சு வாங்கோணும், மறுநாளு உடம்பு வலிக்கோணும். இங்க பதினோரு பேருல பாதி ஆளுக பாயில படுத்துட்டு இருக்கறாங்க. ஆளுக்கு ரெண்டு தலகாணி. ஒருத்தருக்கு இடுப்புக்குக் கீழ துண்டச் சுருட்டி வெச்சிருக்கு. ஒருத்தருக்கு முட்டிக்கு நடுவுல தலகாணி. ஒருத்தரு சேருல உக்காந்து குதிகாலத் தூக்கி எறக்கறாரு, அவ்வளவுதான், அதுக்கு ஒரு "வெரி குட்". ஒரம்மா செவுத்துல முதுகச் சாச்சுட்டு கைய மேல தேச்சுட்டு இருக்குது. நான் முதல் நாளு பாத்துட்டு இது என்ன ஆஸ்பத்திரி வார்டானு கேட்டுட்டேன்.

அப்பறம் மூச்சு. "அம்மா, உங்க விலாவுல பள்ளமா இருக்கற பக்கத்துக்கு மூச்ச அனுப்புங்க"ங்குது. மூச்சு என்ன டவுன் பஸ்ஸா, சொன்ன பக்கம் திருப்பறதுக்கு? இவ கண்ண மூடிட்டு அனுப்பறா. அந்தப் புள்ள விலாவுல கைய வெச்சுட்டு, "வருது, வருது"ங்குது. என்ன வருதோ, அதுக ரெண்டுக்கும்தான் தெரியும்.

குனியக்கூடாது. இடுப்பத் திருக்கக்கூடாது. ரெண்டையும் சேத்து மட்டும் செய்யவே கூடாது. இதுதான் அதோட முதல் பாடம். குனியாம திரும்பாம ஒரு பயிற்சியாங்க? என்ற பாடத்துல பாதி அதுதானுங்க.

எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். ஒன்னுதான் பொறுக்கல. பதினோரு பேருக்குப் பதினோரு விதம். மயிலாத்தா வலது பக்கமாப் படுத்தா, போஸ்ட் மாஸ்டரு ரங்கசாமி எடது பக்கமாப் படுக்கறாரு. ஒருத்தரு கையத் தூக்கறப்ப இன்னொருத்தரு காலை நீட்டறாரு. ஒரு ஒழுங்கு இல்ல, வரிசை இல்ல. சந்தைக்கடைங்க. அப்ப என்னையும் உள்ள உக்கார விட்டிருந்தாங்க, முதல் மாசமே கேட்டேன், "ஏங் கண்ணு, எல்லாரும் ஒன்னாச் செஞ்சா பாக்க எவ்வளவு நல்லா இருக்கும்?"னு. அது சிரிச்சுட்டே, "எல்லாரோட முதுகும் ஒன்னா வளையலையே சார்"னுச்சு. எனக்குப் பதில் பேசற புள்ளைகளப் புடிக்காது. ஆனா அது சிரிச்சுட்டே பேசுதா, என்ன பண்றது.

ஒன்னு ஒத்துக்கோணும். ரெண்டு மாசத்துல மயிலாத்தா இருவத்தஞ்சு நிமிசம் நின்னா. அடுப்படியில தோசை ஊத்தி முடிக்கற வரைக்கும் நின்னா. அதுக்கு அந்தப் புள்ள, எல்லாம் இதாலதான்னு தலகாணியத் தட்டிக் காட்டுது. நான் தெனமும் காலையில முருங்கக்கீரை சூப்பு வெச்சுக் குடுத்தனே, அதை யாரு நெனைக்கறாங்க?

அப்பறம் பங்குனி மாசம் ஒரு செவ்வாக்கெழமை. அந்தப் புள்ள வர்ற வண்டி வழியில நின்னு போச்சு, அரை மணி நேரம் ஆகும்னு போன் பண்ணுச்சு. பதினோரு பேரும் வந்து உக்காந்தாச்சு. சும்மா ஊர்க்கதை பேசிட்டு இருக்கறாங்க. முப்பத்திநாலு வருச சர்வீஸுல ஒரு பீரியடு சும்மா விட்டதில்லீங்க நான். கணக்கு வாத்தியாரு லீவுன்னா அந்தப் பீரியடையும் வாங்கிக்குவேன். கை சும்மா இருக்குமா? சாவிக்கொத்துல எப்பவும் விசிலு இருக்கும். எடுத்து ஊதிட்டேன்.

நீங்க பாத்திருக்கோணும் தம்பி. பதினோரு பேரும் டக்குனு எந்திரிச்சுட்டாங்க. எல்லாம் ஒரு காலத்துல பள்ளிக்கூடம் போன ஆளுகதானே, விசிலு காதுல விழுந்தா காலு தானா எந்திரிக்கும். தலகாணியெல்லாம் மூலையில குமிச்சேன். உயரவாரியா நிறுத்துனேன். அட்டென்சன். ஸ்டேண்ட் அட் ஈஸ். கை மேல, கை பக்கவாட்டுல. ஒன், டூ, த்ரீ, ஃபோர். ரங்கசாமிக்கு மொகமெல்லாம் சிரிப்பு. "மாஸ்டரே, இதுதான் எக்சர்சைஸு"ங்கறாரு. பதினோரு கையும் ஒன்னா எறங்குச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, பொய் சொல்லல.

அங்கயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. "இப்பக் குனிஞ்சு, வலது கையால எடது கால் பெருவிரலு"ன்னேன். சும்மா சின்னப் பசங்க செய்யறதுங்க. நாலஞ்சு பேரு பாதியில நின்னுக்கிட்டாங்க, புத்திசாலிங்க. மயிலாத்தா முதல் வரிசையில இருந்தா. அவ கை முட்டிக்குக் கீழ போகல. நான் அவ முன்னால வந்து நின்னு, "இன்னும், இன்னும் கொஞ்சம்"னேன். அவ தலையத் தூக்கி என்னை ஒரு பார்வை பாத்தா. முடியாதுன்னு சொல்லியிருக்கலாம் இல்லீங்களா? வாயிருக்குது. சொல்லல. இன்னும் கொஞ்சம் குனிஞ்சா.

குனிஞ்சவ நிமிரல.

சத்தமும் வரல. வாயத் தெறந்துட்டு அப்புடியே நின்னா. அப்பறம் பக்கவாட்டுல மெதுவாச் சாஞ்சா, நான் புடிச்சேன். பயந்துட்டேன் தம்பி. ஆயிரம் பசங்க மைதானத்துல விழுந்து பாத்திருக்கறேன், கையொடிஞ்சு, மண்டையொடைஞ்சு. பயந்ததில்ல.

அந்தப் புள்ள வந்துச்சு. வாசல்ல நின்னு ஒரு பார்வை, மூலையில கெடக்கற தலகாணிக, என்ற கையில விசிலு. எல்லாம் அதுக்குப் புரிஞ்சு போச்சு. ஒரு வார்த்தை திட்டலீங்க. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். "சார், தலகாணிய எடுத்துட்டு வாங்க"ன்னுச்சு. எடுத்துட்டுப் போனேன். "முட்டிக்குக் கீழ வைங்க"ன்னுச்சு. வெச்சேன். அவ்வளவுதான் பேச்சு.

எலும்பு ஒடையல, புண்ணியம். ஏதோ நரம்ப அழுத்திருச்சாம். மூனு வாரம் படுக்கை. என்னைக் கேட்டா, அது தலகாணியால வந்த வினை. ரெண்டு மாசம் மெத்துமெத்துன்னு வெச்சு உடம்பக் கெடுத்துட்டாங்க, அதனால ஒரு தடவ குனிஞ்சதையே தாங்கல. இதை டாக்டருகிட்டயே சொன்னேன். அவரு எழுதிட்டே இருந்தாரு, நிமுந்து பாக்கல.

அந்த மூனு வாரம் சமையலு, துணி, எல்லாம் நான். அவளப் பொரட்டிப் படுக்க வெக்கறது நான். தோளு, இடுப்பு, முட்டி மூனும் ஒன்னாத் திரும்போணும், மரக்கட்டையாட்டப் பொரட்டோணும்னு அந்தப் புள்ள சொல்லிக் குடுத்துச்சு. அதை நான் ஒழுங்காச் செஞ்சேன், மயிலாத்தாவே குத்தம் சொல்லல. சாயங்காலம் ஆனா அந்தப் புள்ள வீட்டுக்கு வந்துரும், மறுபடியும் மூச்ச அங்க அனுப்பு, இங்க அனுப்பு. அப்பறம் குதிகாலு. அப்பறம் ஒரு காலை நீட்டி மடக்கறது. கல்யாணத்துக்கு ஒன்றரை மாசம்தான் இருந்துச்சு. மச்சினன் போன் பண்ணி, "மாப்பள, பெதப்பம்பட்டிக்காரங்கள ஒரு வார்த்தை கேட்டு வெக்கட்டுங்களா?"ன்னான். நான் பதில் சொல்றதுக்குள்ள படுக்கையில இருந்து மயிலாத்தா, "ஏனுங்க, அந்தப் போன இங்க குடுங்க"ன்னா. வாங்கி, "நான் வருவேன்"னு சொல்லிட்டுக் குடுத்துட்டா.

நாலாவது வாரம் மறுபடி இங்க கூட்டியாந்தேன். படியேறி வாசலுக்கு வந்தோம். செருப்பக் கழட்டிட்டு நானும் உள்ள காலை வெக்கறேன், அவ திரும்பிப் பாக்காம, "நீங்க வெளிய உக்காருங்க"ன்னா. அவ்வளவுதான். நாப்பத்தேழு வருசத்துல எனக்கு அவ போட்ட முதல் உத்தரவு. ரங்கசாமி உள்ள இருந்து எட்டிப் பாக்கறாரு, சிரிப்ப அடக்கிட்டு. அன்னைக்கு இதுதான் எக்சர்சைஸுன்னு மெச்சுன அதே ரங்கசாமி!

கல்யாணம் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? நடந்துச்சு. அவதான் செஞ்சா. மேடையில அரையடி ஒசரத்துக்கு ஒரு பலகையக் கொண்டாந்து போட்டுட்டா, அந்தப் புள்ள சொல்லிக் குடுத்தபடி. ஒரு காலு பலகை மேல, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு காலு. நடுவுல தூணுல முதுகச் சாச்சு நாலு மூச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. அத்தன சனத்துக்கு முன்னால, அருமைக்காரி பலகையில காலத் தூக்கி வெச்சுட்டு நின்னா என்ன நெனைப்பாங்க? எடுத்துருன்னு கண்ணக் காட்டுனேன். என்ற பக்கமே பாக்கல. ஒன்னே முக்கால் மணி நேரம் நின்னா தம்பி. எல்லாச் சீரும் செஞ்சா. கடைசியில அந்தப் பொண்ணு இவ கால்ல விழுந்து கும்புட்டப்ப, முட்டிய மடக்கி, முதுக நேரா வெச்சுக்கிட்டு எறங்கி, அதோட தலையத் தொட்டா. சனமெல்லாம் அவளையே பாத்துச்சு. பலகைய யாரும் பாத்த மாதிரி தெரியல.

நானா? நான் நாப்பது நிமிசத்துல சேருல உக்காந்துட்டேன். மேடையில லைட்டுச் சூடுங்க. ஃபேனு எல்லாம் மாப்பிள்ளை பக்கம் திருப்பி வெச்சிருந்தாங்க. காலையில சாப்பாடும் சரியில்ல. அதான். வேற ஒன்னுமில்ல.

போட்டோ வேணா பாருங்க, போன்ல இருக்குது. இந்தாங்க. இதுல அவ நேரா நிக்கற மாதிரி இருக்குதுங்களா? நான் சாஞ்சு நிக்கற மாதிரி தெரியுதுங்களா? அது அந்தப் போட்டோக்காரன் கேமராவச் சாச்சுப் புடிச்சிருக்கறான். எதுக்கும் ஆகாத ஆகாவளிப் பய. என்னது? தூணு நேராத்தான் இருக்குதுங்களா? அதெல்லாம் கம்ப்யூட்டர்ல நிமித்திருவானுக தம்பி. தூண நிமித்தத் தெரியுது, ஆள நிமித்தத் தெரியல. குடுங்க போன.

நீங்க என்ன முடிவு பண்றீங்களோ பண்ணுங்க. உங்கம்மாவுக்கு உடம்புல தெம்பு வேணும்னா என்ற வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, நல்லா நாலு...

ம், கதவு தெறக்குது. உங்கம்மா வர்றாங்க பாருங்க. "ஓ" ஆயிருச்சா? என்ன ஜெசிந்தா கண்ணு? என்னையா? நான் எதுக்கு உள்ள? பேரு தப்பா எழுதியிருப்ப கண்ணு, பேசண்டு என்ற சம்சாரம். என்னது, போன வாரமே பேரு குடுத்தாச்சா? யாரு குடுத்தது? எனக்கு என்ன, நான் கல்லு மாதிரி இருக்கறேன். மயிலா, நீயே சொல்லு இதுகிட்ட...

என்ன சொல்றா பாருங்க. சத்தமாச் சொல்லு மயிலா, தம்பிக்கும் கேக்கட்டும்.

"கண்ணு, இவருக்கு எடது பக்கந்தான் கோளாறு. எடது தோளு நல்லாவே எறங்கிருச்சு. ரிட்டையர் ஆன வருசமே பாத்துட்டேன், சட்டை ஒரு பக்கம் தொங்குச்சு. சொன்னா தாங்கமாட்டாரு, அதான் தையக்காரருகிட்டச் சொல்லி ஒரு பக்கத்தக் கொஞ்சம் ஏத்தித் தெக்கச் சொல்லிட்டு இருக்கறேன். நீ பாத்து மெதுவாச் சொல்லிக் குடு."

கேட்டீங்களா தம்பி. நான் ரிட்டையர் ஆயி பன்னண்டு வருசமுங்க. பன்னண்டு வருசமா நான் போட்ட சட்டையெல்லாம் அப்புடித்தான் தெச்சிருக்குது.

நான் அவளப் பாத்து ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்லியிருப்பேன் தெரியுங்களா, கூன் போடாத, நேரா நில்லுன்னு? சோறு போடறப்பச் சொல்லுவேன். கோயில்ல சாமி கும்புடறப்பச் சொல்லுவேன். சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால வெச்சுச் சொல்லியிருக்கறேன். அவ திருப்பி ஒரு தடவ சொல்லியிருக்கலாம் இல்லீங்களா? ஒரே ஒரு தடவ, உங்களப் பாருங்கன்னு.

இரு மயிலா, வர்றேன். நீ உள்ள போ. வர்றேன்னு சொல்றேன் இல்ல.

போயிட்டாளா தம்பி? கதவத் தாண்டிட்டாளா? சரி. கொஞ்சம் கை குடுங்க, எடது பக்கமா.